எண்ணும் எழுத்தும் எல்லையின்மையும்: கபாலாவும் அறிவியலும்

பொறியியல் படித்தவர்களுக்கு நியூட்டன்–ராப்சன் முறை மறக்காது. சமன்பாட்டின் விடையை முதலில் உத்தேசமாக வைத்துக்கொண்டு, கால்குலேட்டரில் திரும்பத் திரும்பத் தட்டி, நான்கு தசம இடம் மாறாமல் நிற்கும்வரை நெருங்கிக்கொண்டே போவோம். நியூட்டனைப் பள்ளியிலிருந்தே தெரியும். ராப்சன் யாரென்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை; யாரும் சொல்லவும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, யூத மறைஞானத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயர் மறுபடி கண்ணில் பட்டது. ஜோசப் ராப்சன் தன் முறையை 1690இல் அச்சிட்டார். 1697இல் அதே நூலின் இரண்டாம் பதிப்பு வந்தபோது அதனோடு இன்னோர் ஆய்வையும் சேர்த்துக் கட்டினார். வெளி என்பது என்ன, அது எல்லையற்றதென்றால் கடவுளுக்கும் அதற்கும் என்ன உறவு என்று பேசும் ஆய்வு அது. அதில் அவர் துணைக்கு அழைக்கும் சொற்களில் ஒன்று எய்ன் சோஃப். எபிரேயத்தில் 'முடிவு இல்லாதது' என்று பொருள். யூத மறைஞான மரபான கபாலா கடவுளுக்குத் தரும் பெயர் அது.

ஒரே அட்டைக்குள் சமன்பாடும் எய்ன் சோஃபும். யூத மறைஞானத்துக்கும் நவீன அறிவியலுக்கும் தொடர்பு உண்டா என்று யாராவது கேட்டால் நான் முதலில் நினைப்பது இந்தப் புத்தகத்தைத்தான். இந்தக் கேள்விக்குக் கடைகளில் கிடைக்கும் பதில்கள் வேறு மாதிரியானவை. பெருவெடிப்பைக் கபாலா நூலான ஜோஹார் அன்றே சொல்லிவிட்டது, இழைக் கோட்பாட்டின் பத்துப் பரிமாணங்கள்தாம் கபாலாவின் பத்து செஃபிரோத், பிரபஞ்சத்தின் வயதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுவிட்டார்கள் என்பவை போன்றவை. 'எல்லாம் நம் நூல்களிலேயே இருக்கிறது' என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல என்பதால், இவற்றின் ராகம் தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும். உண்மையான தொடர்பு இந்த உரிமைகோரல்களை விடச் சிறியது. ஆனால் அது நடந்தது. ஆள், ஆண்டு, புத்தகம் காட்டிச் சொல்ல முடியும். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

கபாலா என்ற சொல்லுக்கு 'பெற்றுக்கொண்டது' என்று பொருள். வழிவழியாக வந்தது என்று கொள்ளலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்குப் பிரான்சிலும் அடுத்து ஸ்பெயினிலும் உருப்பெற்ற மரபு இது. எட்டாத எய்ன் சோஃப் பத்து செஃபிரோத்தாக, அதாவது பத்து வெளிப்பாடுகளாக, உலகை நோக்கி இறங்குகிறது என்பது அதன் அடித்தளம். மைய நூலான ஜோஹார் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் காஸ்டீலில் வெளிப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் கலிலேயா மலைமேல் உள்ள சஃபேத் நகரில் ஐசக் லூரியா (1534–1572) மூன்று ஆண்டுகள்கூட வாழவில்லை. அதற்குள் மரபு முழுவதையும் புதிதாக வார்த்துவிட்டார்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது செஃபர் யெட்சிரா, 'படைப்பின் நூல்'. சில பக்கங்களே கொண்ட இந்நூலின் காலம் பற்றி அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. பத்து எண்களையும் இருபத்திரண்டு எழுத்துகளையும் கொண்டு கடவுள் உலகைச் செதுக்கினார் என்கிறது அது. எழுத்துகளைக் கற்களாகவும் சொற்களைக் கற்களால் கட்டிய வீடுகளாகவும் பாவித்து அங்கே ஒரு கணக்கு வருகிறது. இரண்டு கல்லுக்கு இரண்டு வீடு, மூன்றுக்கு ஆறு, நான்குக்கு 24, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720, ஏழுக்கு 5,040. அதற்கு மேல் வாயால் சொல்ல முடியாது, காதால் கேட்க முடியாது என்று நிறுத்திவிடுகிறது. பள்ளிக் கணிதம் தெரிந்த யாரும் இதை இயல் எண் தொடர் பெருக்கம் என்று கண்டுகொள்வார்கள். இருபத்திரண்டு எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 231 வாயில்கள் என்றும் நூல் சொல்கிறது. 22ஐ 21ஆல் பெருக்கி இரண்டால் வகுத்துப் பாருங்கள், சரியாக வரும்.

இதன் பின்கதையை அவசரக்காரர்கள் சொல்வதில்லை. 931இல் பாக்தாத் வட்டாரத்தில் வாழ்ந்த யூத அறிஞர் சாதியா காவோன் இந்நூலுக்கு அரபியில் உரை எழுதியபோது, நூல் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. விவிலியத்தின் மிக நீண்ட சொல்லில் பதினோரு எழுத்துகள் என்பதால் பதினொன்று வரைக்கும் பெருக்கிக்கொண்டே போய் 3,99,16,800 என்ற எண்ணை எட்டினார். அதே நூற்றாண்டில் தெற்கு இத்தாலியின் மருத்துவர் ஷப்பதாய் டோனலோ, எண்ணிக்கை ஏன் இப்படிப் பெருகுகிறது என்று தன் உரையில் விளக்கினார். 1321இல் பிரெஞ்சு தேசத்துக் கெர்சோனிடஸ் இந்த விதியை முறையான நிரூபணத்தோடு எழுதினார். கெர்சோனிடஸ் மறைஞானி இல்லை; அரிஸ்டாட்டில் வழியில் வந்த பகுத்தறிவாளர். எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் ஆசை மறைஞானத்தில் பிறந்தது. நிரூபித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே நூலின் நிழலில் சந்தித்தன என்று மட்டும் சொன்னால் அது உண்மை.

மறுபடி ராப்சனுக்கு வருகிறேன். எய்ன் சோஃப் அவர் மேசைக்கு எப்படி வந்தது? 1486இல் இத்தாலியத் தத்துவவாதி பிகோ டெல்லா மிராண்டோலா ரோமில் விவாதிக்கத் திட்டமிட்ட 900 கருத்துரைகளில் கபாலாவுக்கும் இடம் தந்தார். அதிலிருந்து கிறிஸ்தவ அறிஞர்கள் பலர் கபாலாவுக்காக எபிரேயம் கற்கத் தொடங்கினார்கள். 1677 முதல் 1684 வரை ஜெர்மனியின் சுல்ஸ்பாக்கில் வாழ்ந்த நோர் ஃபொன் ரோசன்ரோத் ஜோஹாரின் பகுதிகளையும் லூரியா மரபின் நூல்களையும் லத்தீனில் பெயர்த்து அச்சிட்டார். கணிதமேதை லைப்னிட்ஸ் 1688இல் அவர் வீடு தேடிப் போனார். நியூட்டனின் நூலகத்தில் அந்தத் தொகுப்பு இருந்தது. கேம்பிரிட்ஜின் ஹென்றி மூர் அதனுள்ளேயே கட்டுரைகள் எழுதியவர். அவர் 1671இலேயே, கடவுளுக்குச் சொல்லப்படும் பண்புகள் பல வெளிக்கும் பொருந்துகின்றன என்று பட்டியல் போட்டிருந்தார். எல்லையற்றது, அசையாதது, எங்கும் உள்ளது, எதுவும் இன்றித் தானே நிற்பது என்று நீளும் பட்டியல்.

யூத மதகுருக்களான ரபிகளின் பழைய வழக்கில் கடவுளுக்கு 'மாகோம்' என்றொரு பெயர் உண்டு. இடம் என்று பொருள். கடவுள் உலகின் இடம், உலகம் கடவுளின் இடமல்ல என்பது அவர்கள் விளக்கம். கபாலாவுக்கு முந்திய வழக்கு இது. மூரும் ராப்சனும் இதையும் எய்ன் சோஃபையும் சேர்த்தே வாசித்தார்கள். நியூட்டனும் எபிரேயர்கள் கடவுளை மாகோம் என்றதைத் தன் கையெழுத்துக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். பொருள்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன்னளவில் நிற்கும் அவருடைய தனிமுதல் வெளிக்குப் பின்னால் இந்த இறையியல் பேச்சு இருந்தது. ஆனால் இதை வைத்து நியூட்டனைக் கபாலாவாதி ஆக்கக் கூடாது. கடவுளிலிருந்து தெய்வீகப் படிகள் ஒவ்வொன்றாக வழிந்து வருகின்றன என்ற எண்ணமே அவருக்குப் பிடிக்காது; மதத்தைக் கெடுத்த கலப்படமாக அதைப் பார்த்தார். அவருடைய வெளியையும் பிறகு ஐன்ஸ்டைன் கலைத்துவிட்டார். ஒரு மரபின் சொல், அதை ஏற்காதவரையும் யோசிக்க வைத்தது. தொடர்பு அவ்வளவுதான், அது குறைவா?

யூதர்களுக்குள்ளேயும் இந்த ஊடாட்டம் நடந்தது. கிரீட் தீவின் ஜோசப் டெல்மெடிகோ பதுவாவில் கலிலியோவிடம் படித்து, அவருடைய தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்தவர். கபாலா பற்றியும் எழுதினார். 1797இல் பின்ஹாஸ் ஹூர்விட்ஸ் வெளியிட்ட 'செஃபர் ஹப்ரித்' இயற்கை அறிவியலைக் கலைக்களஞ்சியம் போலத் தொகுத்து, அதை மறைஞானப் படிப்பின் முதற்படியாக வைத்தது. கோப்பர்னிக்கஸை ஏற்காத புத்தகம்தான். ஆனாலும் கிழக்கு ஐரோப்பாவில் யூத வேதமான தோராவைத் தவிர வேறெதுவும் படிக்காத இளைஞர் பலருக்கு இயற்பியலின் முதல் வாசம் அதிலிருந்துதான் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரபி ஆபிரகாம் ஐசக் கூக், பரிணாமக் கொள்கை கபாலாவின் உலகப் பார்வையோடு நன்றாகவே ஒத்துப்போகிறது என்று எழுதினார். உலகம் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய ஆழ்ந்த நம்பிக்கை. டார்வினின் இயற்கைத் தேர்வுக்கு அப்படியொரு திசை கிடையாது என்பதையும் நாம் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி பிரபஞ்சத்தின் வயது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பேனாவும் காகிதமும் இருந்தால் நல்லது. ஆரியே கப்லன் (1934–1983) இயற்பியலில் முதுகலை படித்த அமெரிக்க ரபி. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த, பலஸ்தீனத்தின் ஏக்கர் நகரத்து ஐசக்கின் கையெழுத்துப் பிரதி ஒன்றில் அவர் ஒரு கணக்கைக் கண்டார். கடவுளுக்கு ஒரு நாள் என்பது மனிதருக்கு ஆயிரம் ஆண்டு. அப்படியானால் ஒரு தெய்வ ஆண்டு 3,65,250 மனித ஆண்டு. தேவ வருடக் கணக்கில் யுகங்களை அளந்து பழகிய நமக்கு இந்த வழி அந்நியமாகத் தெரியாது. இதோடு உலகம் ஏழாயிரம் ஆண்டுச் சுழற்சிகள் ஏழைக் கடக்கிறது என்ற பழைய கபாலாக் கருத்தைச் சேர்த்தார் கப்லன். நாம் ஏழாவது சுழற்சியில் இருக்கிறோம் என்று கொண்டால் ஆதாமுக்கு முன் 42,000 தெய்வ ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். பெருக்கினால் 1,534 கோடியே 5 லட்சம் ஆண்டுகள். இன்றைய அறிவியல் மதிப்பு ஏறத்தாழ 1,380 கோடி. கப்லன் பேசிய காலத்தில் வானியலாளர்கள் 1,000 கோடிக்கும் 2,000 கோடிக்கும் இடையே தடுமாறிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்களுக்கு மெய்சிலிர்த்திருக்கும்.

கணக்கு முழுவதும் 'ஏழாவது' என்ற சொல்லில் தொங்குகிறது. சுழற்சிகளைப் பற்றி விரிவாகப் பேசும் செஃபர் ஹதெமூனா என்ற நூலின் மரபில், நாம் வாழ்வது இரண்டாவது சுழற்சியில். கண்டிப்பான தீர்ப்பின் சுழற்சி அது. இந்த உலகம் இவ்வளவு கடினமாக இருப்பதற்கு அந்த மரபு தரும் காரணமும் அதுவே. அதை எடுத்துக்கொண்டால் கழிந்தவை 7,000 தெய்வ ஆண்டுகள். பெருக்கினால் 255 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம். பூமியின் வயதே 454 கோடி ஆண்டு! இதற்கெல்லாம் மேலாக, லூரியா இந்தச் சுழற்சிக் கோட்பாட்டையே தள்ளிவிட்டார். விடை தெரிந்த பிறகு, அதற்குப் பொருந்தும் மரபைத் தேடி எடுத்தால் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும். கப்லனின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. தான் நேசித்த இரண்டும் ஒன்றையொன்று பழிக்கக் கூடாது என்று அவர் தவித்ததை அந்தப் பெருக்கலில் பார்க்கிறேன்.

பெருவெடிப்போடு ஒப்பிடப்படும் லூரியாவின் ட்சிம்ட்சும் இன்னும் வருத்தம் தரும் விஷயம். எங்கும் நிறைந்த எய்ன் சோஃப், உலகுக்கு இடம் தருவதற்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு விலகுகிறது. உண்டான வெற்றிடத்துக்குள் ஒளி பாய்கிறது. அதைத் தாங்க வேண்டிய கலங்கள் தாங்காமல் உடைகின்றன. சிதறிய பொறிகளைத் திரட்டுவது மனிதரின் கடன். பெருவெடிப்பு இதற்கு நேர்மாறானது. அங்கே வெற்றிடத்துக்குள் எதுவும் வெடிக்கவில்லை, வெளிதான் விரிகிறது. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றுபோல் எடுத்துப் பேசியபோது, அக்கருத்தை முதலில் முன்வைத்தவர்களில் ஒருவரும் கத்தோலிக்கக் குருவுமான ஜார்ஜ் லெமேத்ருக்கே அது உவப்பாக இல்லை. லூரியாவின் சித்திரத்துக்குப் பின்னால் இருப்பது ஸ்பெயினிலிருந்து 1492இல் விரட்டப்பட்ட ஒரு மக்களின் வலி என்று கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் வாசித்தார். மோஷே ஐடெல் போன்றோர் அதை மறுக்கிறார்கள். எப்படியானாலும், கடவுளே விலகி இடம் கொடுத்தார், படைப்பே உடைந்த நிலையில்தான் தொடங்கியது என்று ஒருவர் சொல்லும்போது, அவர் ஹைட்ரஜனைப் பற்றிப் பேசவில்லை. அதை இயற்பியலாக மாற்றினால் அந்த உடைவு காணாமல் போகிறது.

எண் ஒப்புமைகளில் மிகப் புகழ்பெற்றது 137. மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலி கிட்டத்தட்ட 137இல் ஒரு பங்கு. எபிரேய எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு. சொற்களை எண்ணாக்கி ஒப்பிடும் முறைக்கு கெமாத்ரியா என்று பெயர். கபாலா என்ற சொல்லை எழுதிப் பாருங்கள்: கோஃப் 100, பேத் 2, லாமெத் 30, ஹே 5. கூட்டினால் 137. இந்த எண் ஏன் வந்தது என்று வாழ்நாள் முழுவதும் குடைந்துகொண்டிருந்த இயற்பியலாளர் வொல்ஃப்காங் பவுலி, 1958 டிசம்பர் 15 அன்று சூரிச் மருத்துவமனையில் இறந்தார். அறை எண் 137. இந்த இடத்தில் யாருக்கும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். ஆனால் அளந்த மதிப்பு 137.036 சொச்சம், முழு எண் அல்ல. அது நிலையானதுகூட இல்லை. துகள்களை உயர்ந்த ஆற்றலில் மோதவிடும்போது ஏறத்தாழ 128இல் ஒரு பங்காகிவிடுகிறது. மாபெரும் வானியலாளரான எடிங்டன் முதலில் 136 என்று கணித நிறுவல் தந்தார். அளவீடு நகர்ந்ததும் 137 என்று இன்னொன்று தந்தார். கபாலா தெரியாதவரையும் இந்த ஆசை பிடித்து ஆட்டும்.

மறைஞானக் கூற்று ஒன்று உண்மையாகவே அறிவியலின் உலைக்களத்துக்குள் போன சம்பவம் ஒன்றுண்டு. தோராவில் சம இடைவெளி விட்டு எழுத்துகளைப் பொறுக்கினால் மறைசெய்தி தெரியும் என்ற எண்ணம் பழையது. ஸ்லோவாக்கியாவின் ரபி வைஸ்மண்டல் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இதைக் கையாலேயே எண்ணிக்கொண்டிருந்தார். கணினி வந்தபின், எபிரேயப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் எலியாஹு ரிப்ஸும் விட்ஸ்டம், ரோசன்பெர்க் ஆகியோரும் ஆதியாகமத்தில் இதைச் சோதித்தார்கள். பிற்கால ரபிகளின் பெயர்களும் அவர்கள் பிறந்த, இறந்த தேதிகளும் தற்செயலை மீறி அருகருகே வருகின்றன, 99.998 சதவீத உறுதி என்று 1994இல் மதிப்புமிக்க புள்ளியியல் இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. பத்திரிகையாசிரியர் அதை ஒரு புதிராகவே வாசகர் முன் வைத்தார்.

1999இல் பிரெண்டன் மெக்கே, ட்ரோர் பார்-நதான், மாயா பார்-ஹில்லெல், கில் கலாய் நால்வரும் அதே இதழில் புதிரை அவிழ்த்தார்கள். நமக்குப் பழக்கமான ஒருவரை வைத்துச் சொல்கிறேன். உ.வே.சா. என்று எழுதலாம், சாமிநாதையர் எனலாம், சுவாமிநாத ஐயர் எனலாம், தமிழ்த் தாத்தா எனலாம். ரபிகளுக்கும் இப்படிப் பல பெயர்கள், பல எழுத்துமுறைகள். தேதியைக் குறிக்கவும் பல வழிகள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சின்னச் சின்னத் தேர்வுகளிலேயே முடிவு குடியிருந்தது. வேறு விதமாகத் தேர்ந்தெடுத்த ஒரு பட்டியலைக் கொண்டு, டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலின் எபிரேய மொழிபெயர்ப்பில் அவர்கள் அதே வகை 'அற்புதத்தை' வரவழைத்துக் காட்டினார்கள். 'மோபி டிக்' நாவலில் தேடிய மெக்கேக்கு இந்திரா காந்தியின் கொலையும் கிடைத்தது. நால்வரில் மூவர் இஸ்ரேலியர் என்பது கவனிக்க வேண்டியது. தங்கள் மரபின் பெயரால் வந்த கூற்றை அவர்களே உட்கார்ந்து சோதித்தார்கள்.

ஷோலெமும் அந்த வகை மனிதர். கபாலாவைக் கல்விப்புலத்துக்குக் கொண்டுவந்த அவர் இளமையில் கணிதம் படித்தவர். யேனாவில் தர்க்கவியலாளர் ஃபிரேகேயின் வகுப்பில் உட்கார்ந்தவர். ரெஹோவோத்தின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் புதுக் கணினி ஒன்றைக் கட்டியபோது அதற்கு 'கோலெம்' என்று பெயர் வைக்கலாம் என்றவர் அவர்தான். 1965இல் அதன் தொடக்க விழாவில் பேசியவரும் அவரே. கோலெம் என்பது களிமண்ணில் பிசைந்து, எழுத்துகளை ஓதி உயிரூட்டப்படும் உருவம். செஃபர் யெட்சிராவைக் கற்றுத் தேர்ந்தவரால் அது முடியும் என்பது நம்பிக்கை. நெற்றியில் 'எமெத்', உண்மை, என்று எழுதுவார்கள். முதலெழுத்தான ஆலெஃபை அழித்தால் 'மெத்' மிஞ்சும், இறந்தது. எண்ணையும் எழுத்தையும் சேர்த்தடுக்கி வேலை செய்யவைக்கும் எந்திரத்துக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தோன்றவில்லை. கபாலாவாதிகள் கணினியை முன்னறிந்தார்கள் என்று ஷோலெம் சொல்லவில்லை. தான் உண்டாக்கியது தன்னை மீறுமா என்ற பழைய அச்சத்தை, அதை உண்டாக்கியவர்கள் கூடியிருந்த மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அந்த ஏக்கர் நகரத்து ஐசக்கைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1,534 கோடிக்காக அவர் பெயரைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 1291இல் ஏக்கர் வீழ்ந்தபின் அவர் மேற்கே அலைந்தார். ஜோஹார் என்ற நூலின் பிரதிகள் ஸ்பெயினில் உலவுவதாகவும், அது இரண்டாம் நூற்றாண்டின் ரபி ஷிமோன் பார் யொஹாய் எழுதியதாகவும் கேள்விப்பட்டார். அப்படியானால் பலஸ்தீனத்திலிருந்து வந்த தனக்கு ஏன் அது தெரியவில்லை? 1305இல் வல்லடோலிடில், நூலை வெளியிட்ட மோசஸ் டி லியோனையே சந்தித்துக் கேட்டார். பழைய மூலப்பிரதி அவிலாவில் தன் வீட்டில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்று அவர் சத்தியம் செய்தார். வீடு திரும்பும் வழியில், அரேவலோவில், மோசஸ் இறந்துபோனார்.

ஐசக் அதோடு விடவில்லை. அவிலாவுக்குப் போனார். அங்கே அவர் கேள்விப்பட்டது இது: அந்த மூலப்பிரதிக்காக ஊரின் பணக்காரர் ஒருவர், மோசஸின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைப்பதாக விதவையிடம் சொல்லி அனுப்பினார். வறுமையிலிருந்த அந்த அம்மாள், அப்படியொரு பிரதியே கிடையாது, கணவர் தம் மனத்திலிருந்தே எழுதினார் என்று பதில் சொல்லியிருக்கிறார். வேறு சிலர் ஐசக்கிடம் இதை மறுத்தார்கள். அவர் ஒவ்வொருவர் சொன்னதையும், யார் சொன்னது, யார் மூலம் கேட்டது என்று பிரித்தெழுதிக்கொண்டே அடுத்த ஊருக்கும் போனார். தான் போற்றிய நூலைப் பற்றித்தான் இவ்வளவும் விசாரித்தார். அந்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பது, இரு நூற்றாண்டு கழித்து ஆபிரகாம் சகூத்தோ எழுதிய வரலாற்று நூலுக்குள் பெயர்த்தெழுதப்பட்ட பகுதியாக மட்டும். சகூத்தோ ஒரு வானியலாளர்; வாஸ்கோ ட காமாவின் பயணத்துக்கு உதவிய அட்டவணைகள் அவருடையவை. ஐசக் கடைசியில் என்ன முடிவுக்கு வந்தார் என்று சொல்லப் போகிற இடத்தில், அந்தப் பகுதி அறுந்து நின்றுவிடுகிறது.